நம் தட்டில் இருப்பதில் பூனைக்கு எது ஆகும், எது ஆகாது

பூனை வளர்க்கிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் எப்படியும் ஒரு தடவை இந்த வாக்கியம் வந்துவிடும்: "எங்க பூனை அதெல்லாம் நல்லா சாப்பிடும், இதுவரைக்கும் ஒன்னும் ஆகலை." கேட்கும்போதே எனக்குப் பகீர் என்கிறது. ஆகாததைத் தின்ற உடனே காட்டிக்கொடுக்கிற உடம்பு பூனைக்குக் கிடையாது. சில உணவுகளின் பாதிப்பு மூன்று நான்கு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும், சிலது மாதக்கணக்கில் உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும், அதுவரைக்கும் அது வழக்கம்போலக் காலை உரசிக்கொண்டு வரும், கேட்கும், தின்னும், தூங்கும். நான் பல வருடமாகப் பூனைகளோடு இருக்கிறேன், தாய் இல்லாத குட்டிகளை எடுத்து வளர்த்து நல்ல வீடுகளுக்குக் கொடுப்பதும் உண்டு. அதில் கண்ணால் பார்த்தது, டாக்டர்களிடம் கேட்டது, அப்புறம் விடாமல் படித்துத் தெரிந்துகொண்டது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்று பிரித்துப் போட்ட பட்டியல்கள் நிறையக் கிடைக்கின்றன, பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் பட்டியலில் 'கோழி' என்று இருக்கும், நம் அடுப்பில் இருக்கிற கோழியிலோ உப்பு, எண்ணெய், வெங்காயம், பூண்டு எல்லாம் இருக்கும். அதனால் எந்தச் சாப்பாட்டைப் பார்த்தாலும் நான் இரண்டு கேள்விதான் கேட்பேன்: இதில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கிறது, நாலு கிலோ எடை உள்ள ஒரு உடம்புக்கு இந்த அளவு என்ன செய்யும்.

வெங்காயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், நான் நேரில் பார்த்த மோசமான பாதிப்பு அதனால் வந்ததுதான். என் அக்கா வீட்டில் முத்து என்று ஒரு பூனை. ஒரு நாள் அக்கா போன் செய்து, "முத்து சரியாவே இல்லடி, மூலையில போய்ப் படுத்துக்கிறா, எது மேலயும் ஏறவே மாட்டேங்கிறா" என்றாள். போய்ப் பார்த்தால் ஈறு சிவப்பே இல்லாமல் வெளிறிப் போயிருந்தது, மூச்சு வேகமாக வாங்கியது, மணல் தட்டில் சிறுநீர் பழுப்புச் சிவப்பாகப் படிந்திருந்தது. டாக்டரிடம் போகிற வழியில், "அக்கா, வெங்காயம் ஏதாவது குடுத்தியா?" என்று கேட்டேன். "வெங்காயத்தை யாராவது பூனைக்குக் குடுப்பாங்களாடி?" என்று அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. டாக்டர் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: போன வாரத்தில் நீங்கள் சாப்பிடுகிற எதையாவது அதற்குக் கொடுத்தீர்களா? அப்போதுதான் சூப் விஷயம் வந்தது. வீட்டில் காய்ச்சல் என்று தினமும் கோழி சூப் வைத்திருக்கிறார்கள், முத்துவுக்கும் தினமும் ஒரு கிண்ணம். "வெங்காயம் பூண்டு எல்லாத்தையும் வடிகட்டிட்டேனே, வெறும் தண்ணிதானே குடுத்தேன்" என்றாள் அக்கா. ரத்தப் பரிசோதனையில் விஷயம் உறுதியானது.

வெங்காயத்தில் இருக்கிற கந்தகச் சேர்மங்கள் அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும். வேகவைத்தாலும், வதக்கினாலும், காயவைத்துப் பொடியாக்கினாலும் அவற்றின் கெடுதல் போகாது. உள்ளே போனதும் ரத்தச் சிவப்பணுவில் இருக்கிற ஹீமோகுளோபினைத் தாக்கும். பூனையின் ஹீமோகுளோபினில் இந்தத் தாக்குதலுக்கு இடம்கொடுக்கிற கந்தக முனைகள் எட்டு இருக்கின்றன, நாய்க்கு நாலு, மனிதனுக்கு இரண்டு. அதனால்தான் நமக்கு ஒன்றும் செய்யாத வெங்காயம் பூனையை இப்படிப் படுத்துகிறது. சிதைந்த ஹீமோகுளோபின் சிவப்பணுவின் ஓரத்தில் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், அதை ஹைன்ஸ் பாடி என்கிறார்கள், நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியும். அப்படிக் கெட்டுப்போன அணுக்களை உடம்பே உடைத்துத் தள்ள ஆரம்பிக்கும், ரத்தசோகை வந்துவிடும். இதெல்லாம் நடக்கச் சில நாள் பிடிப்பதால் முதல் நாள் சூப் குடித்த பூனை இரண்டாம் நாளும் நன்றாகவே இருக்கும், நாமும் மறுபடி ஊற்றுவோம்.

உடல் எடையில் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயம் போனாலே பூனையின் ரத்தத்தில் பாதிப்பு தெரியும் என்பது கால்நடை மருத்துவத்தில் சொல்லப்படுகிற அளவு. நாலு கிலோ பூனைக்கு 20 கிராம், அதாவது ஒரு நடுத்தர வெங்காயத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரே வேளையில் போக வேண்டும் என்று இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். பூண்டு இன்னும் வீரியமானது. சின்ன வெங்காயம், வெங்காயத்தாள், லீக், சைவ்ஸ் எல்லாம் இதே குடும்பம், எதற்கும் விலக்கு இல்லை.

முத்து பிழைத்துவிட்டாள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. பூனைகளுக்கும் ஏ, பி, ஏபி என்று ரத்த வகை உண்டு, பி வகைப் பூனைக்கு ஏ வகை ரத்தத்தை ஏற்றினால் அதுவே உயிரை எடுத்துவிடும், அதனால் முதலில் வகை பார்த்து, பொருந்துகிற பூனையைத் தேடிப் பிடித்து, அது வரும்வரை இவளை ஆக்சிஜனில் வைத்துக் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்பு யாருக்கும் வரக் கூடாது.

அதிலிருந்து பாக்கெட்டைத் திருப்பி உட்பொருள்களைப் படிக்காமல் எதையும் பூனைக்கு வைப்பதில்லை. சூப் கட்டி, சூப் பவுடர், சாஸ், சிப்ஸ், சாசேஜ், வறுத்துப் பொட்டலம் கட்டித் தருகிற கோழி, இவற்றில் பெரும்பாலானவற்றில் வெங்காயப் பொடியோ பூண்டுப் பொடியோ இருக்கும். 'மசாலா' என்றும் 'சுவையூட்டி' என்றும் பொதுவாக எழுதியிருந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று, உடம்பு சரியில்லாமல் சாப்பிட மறுக்கிற பூனைக்குக் கைக்குழந்தைகளுக்கான இறைச்சிக் கூழை வாங்கி ஊட்டுகிற பழக்கம் பல இடத்தில் உண்டு. நல்ல யோசனைதான், ஆனால் சிலவற்றில் வெங்காயப் பொடி சேர்த்திருப்பார்கள், ஏற்கெனவே தளர்ந்திருக்கிற பூனைக்கு அது போய்ச் சேரும். படித்துவிட்டு வாங்குங்கள்.

பேச்சு ஹீமோகுளோபினுக்கு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், இது உணவு இல்லை, ஆனாலும் மேசைமேல் கிடக்கிற பொருள்: பாராசிட்டமால். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்கிற ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்து வெளியேற்றுகிற வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும். பூனைக்கு உடம்பு சூடாக இருக்கிறதே என்று அன்பில் கால் மாத்திரை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

சரி, பாலுக்கு வருவோம். பால் ஆகாது என்று சொன்னால் நிறையப் பேருக்கு மனசு கஷ்டப்படும், பூனை என்றாலே பால் கிண்ணம் என்று படத்தில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். பால் விஷம் கிடையாது. ஆனால் பால்குடி மறந்த பிறகு பூனையின் குடலில் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரையை உடைக்கிற நொதி குறைந்துகொண்டே போகும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்கே இருக்கிற பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும், வயிறு உப்பும், கழிச்சல் ஆகும். எல்லாப் பூனைக்கும் ஒரே அளவில் வராது. எங்கள் வீட்டுக் கறுப்பன் ஒரு தேக்கரண்டி பாலைத் தாங்குவான், அதற்கு மேல் போனால் மணல் தட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். இன்னொரு பூனைக்கு நக்கினாலே ஆகாது. தயிரிலும் நன்றாக முதிர்ந்த சீஸிலும் லாக்டோஸ் குறைவு, நுனிவிரலில் கொஞ்சம் கொடுத்தால் பெரும்பாலும் தாங்கும், ஆனால் சீஸில் உப்பும் கொழுப்பும் அதிகம். வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை. தேவைப்படுவது தண்ணீர். பூனையின் முன்னோர்கள் வறண்ட நிலத்து விலங்குகள், இரையில் இருக்கிற ஈரத்தை வைத்தே காலம் தள்ளியவை, அதனால் தாக உணர்வே மந்தம். உலர் உணவு மட்டும் தின்கிற பூனைக்கு நீர் போதாமல் போவது சுலபம், ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. உப்புப் போடாமல், வேறு எதுவுமே போடாமல் கோழியை மட்டும் வேகவைத்த தண்ணீரைக் கொஞ்சம் கலந்து கொடுத்தால் நன்றாகக் குடிப்பார்கள். அதைத் தனிப் பாத்திரத்தில், நம் சமையல் தொடங்கும் முன்னாலேயே எடுத்து வைத்துவிடுவது என் வழக்கம்.

குட்டிகளின் கதை வேறு. தாய் இல்லாத குட்டிக்குப் பால்தான் உயிர், ஆனால் மாட்டுப் பால் கூடாது. தாய்ப் பூனையின் பாலில் இருக்கிற அளவு புரதமும் கொழுப்பும் அதில் இல்லை, கழிச்சலும் வரும், கழிச்சல் வந்த குட்டி கொஞ்ச நேரத்திலேயே நீர்ச்சத்து இழந்து சுருண்டுவிடும். பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் விற்கிறது, அதை வெதுவெதுப்பாகக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மனிதக் குழந்தையைப் போல மல்லாக்க வைத்து ஊட்டாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும், வயிறு கீழே இருக்கிற மாதிரி, தாயிடம் குடிக்கிற நிலையிலேயே வைத்துக் கொடுங்கள். குட்டியின் உடம்பு சில்லென்று இருந்தால் முதலில் கதகதப்பாக்கிவிட்டுத்தான் பால், குளிர்ந்த குட்டிக்குச் செரிக்காது.

காய்ச்சாத பாலில் இன்னொரு பயம் இப்போது சேர்ந்திருக்கிறது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பால் பண்ணைகளில் பசுக்களுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் இருந்தது தெரியவந்தது. அந்தப் பசுக்களின் பச்சைப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் பார்வை இழந்து, நரம்புக் கோளாறு வந்து இறந்துபோயின. அதே ஆண்டில் சமைக்காத இறைச்சியில் செய்த பூனை உணவு வழியாகவும் அங்கே பூனைகளுக்கு இது பரவியது. பச்சை இறைச்சிதான் பூனைக்கு இயற்கை என்று வாதாடுகிறவர்களை நான் மதிக்கிறேன், அக்கறையில்தான் சொல்கிறார்கள், ஆனால் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, இப்போது இதுவும் என்றால் என்னால் துணிய முடியவில்லை. வீட்டில் கர்ப்பிணியோ, சின்னக் குழந்தையோ, வயதானவரோ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். பச்சை முட்டையிலும் சால்மொனெல்லா பயம் உண்டு, அதோடு வெள்ளைக்கருவில் இருக்கிற அவிடின் என்ற புரதம் பயோட்டின் வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வேகவைத்துவிட்டால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது, முட்டை அருமையான தீனி ஆகிவிடும்.

என்னிடம் அதிகம் பேர் கேட்கிற கேள்வி இது: "வெறும் கோழியை வேகவைத்துத் தினமும் போடுறேன், வேற எதுவும் சேர்க்கிறதில்லை, அது சரிதானே?" ஒரு நாள், இரண்டு நாள் சரி. வயிறு கெட்டிருக்கிற பூனைக்கு டாக்டர்களே அதைச் சொல்வதுண்டு. வருடம் முழுக்க அது மட்டும் என்றால் சரியில்லை. பூனை இறைச்சி தின்றே ஆக வேண்டிய விலங்கு, டாரின் என்ற சத்தைத் தன் உடம்பில் போதுமான அளவு செய்துகொள்ள முடியாது, உணவிலிருந்துதான் வர வேண்டும். டாரின் இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை சிதைகிறது என்பது 1975-ல் வெளிவந்தது. 1987-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயத் தசை தளர்ந்து வீங்கிப் பூனைகள் சாவதற்கும் டாரின் குறைவே காரணம் என்றும், டாரின் கொடுத்தால் இதயம் தேறுகிறது என்றும் காட்டினார்கள். அந்தப் பூனைகளில் பல கடையில் வாங்கிய பூனை உணவைத் தின்றவை, அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். கோழி நெஞ்சுக்கறியில் டாரின் குறைவு, கால் பக்கத்துக் கருமையான கறியிலும் இதயத்திலும் அதிகம், அதையும் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் பாதி அதோடு போய்விடும். அப்புறம் கால்சியம். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகமிகக் குறைவு, வளர்கிற குட்டிக்கு அதை மட்டுமே போட்டால் ரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து உருவும். ஒரு குட்டியை என்னிடம் கொண்டுவந்தார்கள், கறி மட்டுமே கொடுத்து அன்பாக வளர்த்தது, சோபாவிலிருந்து குதித்ததில் பின்னங்கால் முறிந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புகள் ஆவி மாதிரி மங்கலாக இருந்தன. வளர்த்தவர்கள் ஒரு குறையும் வைத்தவர்கள் இல்லை, சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். முழுக்க வீட்டுச் சமையலே கொடுக்க வேண்டும் என்றால் கால்நடை ஊட்டச்சத்து தெரிந்த டாக்டரிடம் சேர்மானங்களோடு குறிப்பு வாங்கிச் செய்யுங்கள். நாய் உணவும் இதே காரணத்தால் பூனைக்கு ஆகாது, ஒரு வாய் தின்றால் ஒன்றுமில்லை, அதுவே தினசரிச் சாப்பாடாகக் கூடாது.

மீன் பூனையின் உணவு என்பதும் நாம் பழக்கியதுதான். வேகவைத்த, முள் எடுத்த, உப்பில்லாத மீன் எப்போதாவது கொடுக்கலாம். பச்சை மீனில் சில வகைகளில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது, அது பி1 வைட்டமினை அழித்துவிடும், தொடர்ந்து தின்றால் பூனை தள்ளாடும், தலை மார்போடு தொங்கும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும். டின்னில் வருகிற டூனாவோடு எனக்குப் பெரிய போராட்டமே நடந்தது. வேறு வீட்டிலிருந்து வந்த ஒரு பூனை டூனாவைத் தவிர எதையும் முகர்ந்துகூடப் பார்க்காது. டூனா பெரிய மீன், அதில் பாதரசம் சேரும், அது மட்டுமே உணவாகிவிட்டால் வைட்டமின் ஈ குறைந்து உடம்பின் கொழுப்பு மஞ்சளாகி வீங்கி வலியெடுக்கிற ஒரு நோயும் வரும். பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்று சிலர் சொன்னார்கள், அதைக் கேட்கவே கேட்காதீர்கள். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய் அடைத்துக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். நான் செய்தது, டூனாவில் நல்ல பூனை உணவைத் துளியூண்டு கலந்து, அதைத் தின்றால் அடுத்த சில நாளில் இன்னும் கொஞ்சம், முகம் திருப்பினால் பழைய அளவுக்கே திரும்பி, இப்படியே நகர்த்தியது. உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தது பெரிய உதவி, சூடானால் மணம் எழும், பூனை மூக்கை நம்பித்தான் சாப்பிடும். மெதுவாக வந்துவிட்டது.

ஈரல் விஷயத்திலும் இதே மாதிரி அளவு முக்கியம். சின்னத் துண்டு எப்போதாவது நல்லது. தினமும் ஈரல் என்றால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்துகொண்டே போய்க் கழுத்து எலும்புகளில் புது எலும்பு வளர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பூனை தலையைத் திருப்பித் தன்னை நக்கிச் சுத்தம் செய்யக்கூட முடியாமல் போகும். ஒட்டிய எலும்பு திரும்பப் பிரியாது.

அளவு என்றால் எவ்வளவு? வீட்டுக்குள்ளேயே இருக்கிற நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 200 கலோரி. நம் கையால் கொடுக்கிற தீனி அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 20 கலோரி என்றால் தோல் நீக்கி வேகவைத்த நெஞ்சுக்கறி 12 கிராம், முட்டை என்றால் கால்வாசி, சீஸ் என்றால் வெறும் 5 கிராம். ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு கொஞ்சம் என்று கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நாலு பேர் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாலே நாளுக்கான கணக்கு முடிந்துவிடும், அதனால் எங்கள் வீட்டில் காலையிலேயே அன்றைய பங்கைச் சின்ன டப்பாவில் போட்டு வைத்துவிடுவோம், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான்.

இனிப்பு பூனைக்குத் தெரியவே தெரியாது. இனிப்பை உணர்கிற ஏற்பிக்கான மரபணுக்களில் ஒன்று பூனையில் செயலிழந்திருக்கிறது, 2005-ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஐஸ்கிரீமுக்கு ஓடி வருவது கொழுப்புக்காக. ஆகவே கேக் துண்டு கொடுத்துக் குஷிப்படுத்துவதில் அதற்கு ஒரு லாபமும் இல்லை. சாக்லேட்டில் தியோபுரோமினும் காஃபீனும் இருக்கின்றன, இதயத்தையும் நரம்பையும் படபடக்க வைக்கும், கறுப்பு சாக்லேட்டும் கோகோ பவுடரும் பால் சாக்லேட்டைவிட மோசம். காபி, டீ, காபித்தூள் கிடக்கிற குப்பை, இவையும் அப்படியே. மதுவில் ஒரு துளியும் வேண்டாம். ஈஸ்ட் போட்ட பச்சை மாவைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அது வயிற்றுச் சூட்டில் இன்னும் உப்பும், உள்ளேயே ஆல்கஹாலும் உண்டாக்கும், மாவு பொங்குகிற பாத்திரத்தை மூடி உள்ளே வையுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்வது நன்றாகத் தெரிந்த விஷயம், பூனைக்கும் நான் கொடுப்பதில்லை. பச்சையாகவோ முளைவிட்டோ இருக்கிற உருளைக்கிழங்கு, பச்சைத் தக்காளி, அதன் செடி, இவையும் ஆகாது.

கொடுக்கக் கூடியவை குறைவு என்று நினைக்க வேண்டாம். தோலும் எலும்பும் நீக்கி வெறுமனே வேகவைத்த கோழி, வான்கோழி, கொழுப்பில்லாத மாட்டிறைச்சி, முட்டை, முள் நீக்கிய மீன் எல்லாம் ஆகும். காய்களில் வேகவைத்த பூசணி, கேரட், பட்டாணி, பீன்ஸ். மலச்சிக்கல் இருக்கிற பூனைக்கு ஒரு தேக்கரண்டி பூசணிக் கூழ் உதவும், மறுபடி மறுபடி வந்தால் டாக்டரைப் பாருங்கள். தர்பூசணி, முலாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள் இவற்றில் விதையும் தோலும் நீக்கி ஒரு சின்னத் துண்டு தின்றால் தின்னட்டும். எங்கள் கறுப்பனுக்கு முலாம்பழம் வெட்டுகிற வாசம் வந்தால் எங்கிருந்தாலும் வந்து நிற்பான். சோறு கொஞ்சம் கலந்தால் கெடுதல் இல்லை, ஆனால் வயிற்றை அதை வைத்து நிரப்பினால் இறைச்சிக்கு இடம் இருக்காது.

உணவோடு வருகிற சாமான்களையும் கவனியுங்கள். வெந்த எலும்பு கூராகப் பிளக்கும், தொண்டையையும் குடலையும் கிழிக்கும். இறைச்சியைச் சுற்றிக் கட்டுகிற நூல் அதைவிட மோசம் என்பேன். பூனையின் நாக்கில் இருக்கிற முட்கள் உள்நோக்கி வளைந்தவை, நூல் நாக்கில் பட்டுவிட்டால் துப்பத் தெரியாது, விழுங்கத்தான் செய்யும். கறி வாசம் ஏறிய நூலைக் குப்பையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டால் குடல் அதன்மேல் சுருங்கி மடிந்து அறுபடும். வாயிலோ பின்புறத்திலோ நூல் நுனி தெரிந்தால் இழுக்கவே இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மேசையில் லில்லிப் பூ வைக்கிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள், அதன் மகரந்தம், இதழ், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தை அழித்துவிடும்.

விருந்தாளிகள் வரும் நாள்தான் எங்கள் வீட்டில் கஷ்டம். "ஒரு வாய்தானே, பாவம் பார்க்குது" என்பார்கள். அவர்களோடு சண்டை போடுவதில் பயன் இல்லை, அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். நான் அந்த டப்பாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன், "அத்தை, இதிலிருந்து கொடுங்க, உங்ககிட்டயே வந்து நிக்கும்" என்று. எல்லோருக்கும் மகிழ்ச்சி. சாப்பாடு முடிந்ததும் தட்டுகளை உடனே கழுவப் போட்டு, குப்பைக்கு மூடி போட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

அப்படியும் ஆகாததைத் தின்றுவிட்டால் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பூனையின் எடை என்ன, இந்த நாலையும் சொல்லி டாக்டருக்குப் போன் செய்யுங்கள், பாக்கெட் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். உப்புத் தண்ணீர், எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று எதையாவது ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நாய்க்குச் சொல்லப்படுகிற பெராக்சைடு பூனையின் இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். வாந்தி எடுக்க வைக்க டாக்டரிடம் தனி மருந்து இருக்கிறது, தின்று கொஞ்ச நேரத்துக்குள் போனால்தான் அது உதவும். வெங்காயமோ பூண்டோ என்றால் அன்றைக்குப் பூனை நன்றாகவே இருந்தாலும் அடுத்த சில நாளில் எப்போது ரத்தப் பரிசோதனை செய்யலாம் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காலையும் மாலையும் உதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைப் பாருங்கள். ஆரோக்கியமாக இருக்கிறபோது உங்கள் பூனையின் ஈறு எந்த நிறம் என்று தெரிந்திருந்தால்தான் வெளிறியிருப்பது பிடிபடும், கறுப்பு மச்சம் உள்ள ஈறு என்றால் கண்ணிமையின் உட்பக்கத்தைப் பாருங்கள். இன்றைக்கே ஒரு தடவை பார்த்து வையுங்கள்.